தீம் பார்க் பயணத்துக்கு எந்த லென்ஸ்?

கேள்வி சுருக்கமாக இதுதான். கையில் இருப்பது ஒரு ஏ.பி.எஸ்.-சி கேமரா (முழு ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார் உள்ளது), அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், ஒரு 55-250, ஒரு 50 மி.மீ. எஃப் 1.8. (மி.மீ. எண் சின்னதென்றால் காட்சி அகலமாக விழும், பெரியதென்றால் தூரத்தில் இருப்பது நெருங்கித் தெரியும். எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும்.) மனைவி, ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு குழந்தைகள், நான்கு நாள் தீம் பார்க் பயணம். புதிதாக ஒரே ஒரு லென்ஸ் வாங்கலாம். 10-18 அல்ட்ராவைடு வாங்கலாமா, எல்லாவற்றையும் ஒன்றில் அடக்கும் 18-300 வாங்கலாமா, அல்லது எல்லோரும் புகழும் 24-70 எஃப் 2.8 வாங்கலாமா?

என்னைக் கேட்டால் மூன்றும் வேண்டாம். 24 முதல் 35 மி.மீ.க்குள், அப்பெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) எஃப் 1.8 அல்லது எஃப் 1.4 வரை திறக்கிற ஒரு சின்ன பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) வாங்குங்கள். பகலுக்கு உங்கள் கிட் லென்ஸே போதும். வெயில் சாய்ந்த பிறகும், கூரைக்குள் நுழையும்போதும் பிரைம். 55-250 தேவைப்படுகிற நாளில் மட்டும் அறையை விட்டு வெளியே வரட்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க வேண்டும். ஏனென்றால் லென்ஸ் தேர்வில் பெரும்பாலானவர்கள் தூரத்தை வைத்தே யோசிக்கிறார்கள். 'பத்திலிருந்து முந்நூறு வரை கையில் இருந்தால் எதையும் விடமாட்டோம்' என்ற எண்ணம். காட்டுக்கோ கிரிக்கெட் மைதானத்துக்கோ போனால் அந்தக் கணக்கு சரி. தீம் பார்க்கில் எல்லாமே நீங்கள் நடந்து பக்கத்தில் போய்ப் பார்ப்பதற்காகக் கட்டியவை. தூரம் அங்கே பிரச்சினையே இல்லை. பிரச்சினை வெளிச்சம். நல்ல ரைடுகளில் பாதி கூரைக்குள், இருட்டில். கதாபாத்திர வேடமிட்டவர்களைச் சந்திப்பது பெரும்பாலும் அறைக்குள். சாப்பாட்டுக் கூடங்கள் மங்கலாக இருக்கும். அன்றைய நாளின் உச்சமான வாணவேடிக்கையும் விளக்கு அணிவகுப்பும் இரவில். குழந்தைகள் முகத்தில் வியப்பு தெரிகிற நேரங்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள், பெரும்பாலானவை வெளிச்சம் குறைந்த இடங்களாகவே இருக்கும்.

இங்கேதான் கிட் லென்ஸ் கை விரிக்கும். 18-55ஐ 35 மி.மீ.யில் வைத்தால் அதன் அப்பெர்ச்சர் எஃப் 4.5 வாக்கில்தான் திறக்கும். அதே 35 மி.மீ. எஃப் 1.8 பிரைம் ஏறக்குறைய ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) 6400 தேவைப்படுகிற படத்தை இதில் ஐ.எஸ்.ஓ. 1000லேயே எடுத்துவிடலாம். சின்ன சென்சார் கேமராவில் 6400க்கும் 1000க்கும் உள்ள வித்தியாசம் முகத்தில் நேரடியாகத் தெரியும். ஒன்றில் கன்னம் மணல் தூவியது போல இருக்கும், இன்னொன்றில் தோல் தோலாக இருக்கும். ஐ.எஸ்.ஓ.வைக் குறைக்க வேண்டாம் என்றால் அந்த ஆறு மடங்கை ஷட்டர் ஸ்பீடுக்குத் திருப்பிவிடலாம். நொடியில் 20இல் ஒரு பங்கில் மங்கிப்போன குழந்தை, 125இல் ஒரு பங்கில் தெளிவாக நிற்கும்.

ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் சரிசெய்யும். எதிரே துள்ளிக்கொண்டிருக்கும் ஆறு வயதுப் பிள்ளையை அது நிறுத்தாது. அசையாத கட்டடத்துக்கு ஸ்டெபிலைசேஷன், அசைகிற மனிதருக்கு அகன்ற அப்பெர்ச்சர். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

சரி, எஃப் 1.8தான் வேண்டும் என்றால் கையில் 50 மி.மீ. இருக்கிறதே, அது போதாதா? நியாயமான கேள்வி. அது நல்ல லென்ஸ், ஆனால் இந்த வேலைக்கு நீளம் அதிகம். ஏ.பி.எஸ்.-சி கேமராவில் அது முழு ஃப்ரேம் கணக்கில் 75 அல்லது 80 மி.மீ. போலப் பார்க்கும் (நிக்கான், சோனி, ஃபியூஜி என்றால் ஒன்றரை மடங்கு, கேனான் என்றால் 1.6 மடங்கு). சாப்பாட்டு மேஜையில் எதிர் நாற்காலியில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது, உங்களுக்கும் குழந்தைக்கும் இடையே ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ.யில் ஃப்ரேமின் அகலம் முக்கால் மீட்டருக்கும் குறைவு. ஒரு முகமும் தோளும்தான் விழும். பக்கத்தில் இருக்கும் அக்கா வரமாட்டாள், மேஜையில் இருப்பது வராது. 35இல் அது ஒரு மீட்டர் ஆகும். 24இல் ஒன்றரை மீட்டரை நெருங்கும், இருவரும் மேஜையும் சேர்ந்து வந்துவிடுவார்கள். வீட்டில் என்றால் இரண்டடி பின்னால் போகலாம். க்யூவில் நிற்கும்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம் நிற்கிறது, ரைடு வண்டியில் முதுகுக்குப் பின்னால் இருக்கை இருக்கிறது. பின்னால் போக இடமில்லாத ஊரில் 50 மி.மீ. திணறும்.

பெயர் சொல்லிக் கேட்டால்: நிக்கானின் டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகை கேமரா) என்றால் டி.எக்ஸ். 35 எஃப் 1.8, 200 கிராம் எடை. மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத வகை) என்றால் சிக்மாவின் 30 எஃப் 1.4 சோனி, ஃபியூஜி உட்படப் பல மவுண்டுகளுக்கு (லென்ஸ் மாட்டும் அமைப்புகளுக்கு) கிடைக்கிறது, அதை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஃபியூஜிக்காரர்களுக்கு அவர்களுடைய 23 எஃப் 2 அருமையான அளவு, 180 கிராம்தான். கேனான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் 24 எஃப் 2.8 பான்கேக் (மிகத் தட்டையான) லென்ஸைப் பற்றிக் கேட்பார்கள். 125 கிராம், கேமராவில் லென்ஸ் இருப்பதே தெரியாது. அதன் கோணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது எஃப் 2.8தான். கிட் லென்ஸோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு வெளிச்சம் கிடைக்குமே தவிர ஆறு மடங்கு கிடையாது. சாப்பாட்டுக் கூடத்துக்கும் மாலைத் தெருவுக்கும் அது போதும், இருட்டு ரைடுக்குப் போதாது. தெரிந்து வாங்குங்கள்.

பிரைம் வேண்டவே வேண்டாம், ஜூம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. சிக்மாவின் 18-50 எஃப் 2.8 சுமார் 300 கிராம், டாம்ரானின் 17-70 எஃப் 2.8 அரைக் கிலோவுக்குச் சற்று மேல். இரண்டும் மிரர்லெஸ் கேமராக்களுக்கு. இவற்றில் ஒன்று இருந்தால் கிட் லென்ஸை வீட்டிலேயே வைத்துவிடலாம், நாள் முழுக்க லென்ஸ் மாற்றும் வேலையும் இல்லை. பயணத்துக்கு ஒரே லென்ஸ் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் எடுப்பது இந்த வகையைத்தான்.

இப்போது நீங்கள் கேட்ட மூன்றுக்கு வருகிறேன்.

24-70 எஃப் 2.8 புகழ்பெற்ற லென்ஸ்தான், ஆனால் அந்தப் புகழ் முழு ஃப்ரேம் கேமராவில் சம்பாதித்தது. உங்கள் கேமராவில் அது 36-105 அல்லது 38-112 போல ஆகிவிடும். அகலக் கோணம் கைவிட்டுப் போகும். பூங்காவின் கோட்டைக்கு முன்னால் நிற்கும்போதும் குறுகிய தெருவிலும் அந்த 18 மி.மீ. இல்லாத குறை தெரியும். விலையும் எடையும் வேறு கூடுதல். அடுத்த வருடம் முழு ஃப்ரேமுக்கு மாறப் போகிறீர்கள் என்றால் தவிர, இதை விட்டுவிடுங்கள்.

18-300 பகலில் வசதி, அதை மறுக்கமாட்டேன். ஆனால் நீளமான முனையில் அது எஃப் 6.3க்கு மேல் திறக்காது. சூரியன் மறைந்ததும் அதன் வேலை முடிந்தது. உங்களிடம் ஏற்கெனவே 18 முதல் 250 வரை இரண்டு லென்ஸ்களில் இருக்கிறது. அதையே ஒன்றாக்குவதற்குக் காசு கொடுத்தால், இல்லாத வெளிச்சம் இல்லாததாகவே இருக்கும்.

10-18 பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆசை எனக்குப் புரிகிறது, நானும் அல்ட்ராவைடு பிரியன். காலையில் கதவு திறந்தவுடன் ஆளில்லாத தெரு, கூரை ஓவியமுள்ள மண்டபம், தண்ணீரில் முழுதாகப் பிரதிபலிக்கும் கோட்டை, இதற்கெல்லாம் அது அழகு. ஆனால் அப்படிப்பட்ட படங்கள் ஒரு நாளில் எத்தனை எடுப்பீர்கள்? மனிதர்கள் உள்ளே வந்தவுடன் அது சிக்கல். ஃப்ரேமின் ஓரத்தில் நிற்பவரின் தலை பக்கவாட்டில் இழுபடும், கை வீங்கும். குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்பது யார் என்று பார்த்தால் பெரும்பாலும் குழந்தைதான். அதோடு, இப்போதைய பல போன்களில் 13 மி.மீ.க்கு இணையான அல்ட்ராவைடு லென்ஸ் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் கட்டடம் எடுக்க அது தாராளம். போன் நன்றாகச் செய்கிற வேலைக்கு இன்னொரு லென்ஸ் சுமக்காதீர்கள். போனால் முடியாதது எதுவோ, அதற்குத்தான் கேமரா.

கோட்டை முழுதாக விழ 18 மி.மீ. போதுமா என்ற சந்தேகம் வேண்டாம். ஃப்ளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டமில் இருக்கும் சிண்ட்ரெல்லா கோட்டையின் உயரம் 189 அடி, அதாவது 58 மீட்டர் வாக்கில். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் சுமார் 50 மீட்டர் தள்ளி நின்றாலே 18 மி.மீ.யில் அது அடி முதல் நுனி வரை வந்துவிடும். அதைவிட நெருக்கமாகப் போய் அண்ணாந்து எடுத்தால் கோபுரங்கள் பின்னால் சாய்வது போலத் தெரியும், அது பார்க்கவும் நன்றாக இருக்காது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. கோட்டையோடு குழந்தையை எடுக்க அகலக் கோணம்தான் வேண்டும் என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோட்டைக்கு 300 மீட்டர் தள்ளி ஒரு நீளத் தெருவில் குழந்தை நிற்கிறது. நீங்கள் 18 மி.மீ.யில், குழந்தைக்கு இரண்டு மீட்டர் முன்னால் நின்று எடுக்கிறீர்கள். குழந்தை ஃப்ரேமின் உயரத்தில் முக்கால் பங்கு வருகிறது, பின்னால் கோட்டை கால் பங்குகூட வரவில்லை. எவ்வளவு பெரிய கோட்டை, படத்தில் பொம்மை மாதிரி ஆகிவிட்டது. இப்போது ஆறு மீட்டருக்குப் பின்வாங்கி, அதே கிட் லென்ஸை 55க்குத் திருப்புங்கள். குழந்தை அதே அளவில்தான் இருக்கும், ஏனென்றால் தூரமும் மூன்று மடங்கு, ஜூமும் மூன்று மடங்கு. ஆனால் பின்னால் இருக்கும் கோட்டை மூன்று மடங்கு பெரிதாகி, ஃப்ரேமின் 70 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும். குழந்தையின் தலைக்கு மேல் கோட்டை எழுந்து நிற்கும். இதற்குப் புது லென்ஸ் எதுவும் தேவையில்லை, நான்கு மீட்டர் நடை போதும். இதனால்தான் கிட் லென்ஸை மட்டமாக நினைக்காதீர்கள் என்கிறேன். பகல் வெளிச்சத்தில் எஃப் 8இல் வைத்தால் அது நன்றாகவே எடுக்கும்.

ஒரு எச்சரிக்கை, பெரிய தெருவில் ஆறு மீட்டர் இடைவெளியில் ஆட்கள் குறுக்கே நடப்பார்கள். காலையில் முதல் அரை மணி நேரம், அல்லது அணிவகுப்பு இன்னொரு பக்கம் ஓடும்போது, இதை எடுத்துவிடுங்கள்.

இருட்டு ரைடுகளைப் பற்றி இப்போது. படகிலோ வண்டியிலோ உட்கார்ந்து, விளக்கு போட்ட காட்சிகளைத் தாண்டிப் போகிற ரைடுகள். முதல் விதி: ஃப்ளாஷ் கிடையாது. பூங்காக்கள் தடை செய்திருக்கின்றன, தடை இல்லாவிட்டாலும் போடக் கூடாது. ஒருவர் ஃப்ளாஷ் அடித்தால் அந்த வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் மாயம் கலைந்துவிடும், உங்கள் படத்திலும் சுவரில் அடித்த பெயிண்ட்தான் தெரியும். ஃபோகஸ் பிடிக்க உதவும் சின்ன ஆரஞ்சு விளக்கையும் மெனுவில் போய் அணைத்துவிடுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். பின்திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

செட்டிங் இப்படி வைக்கலாம்: அப்பெர்ச்சர் முழுதாகத் திறந்து, ஷட்டர் நொடியில் 60இல் ஒரு பங்கு முதல் 125இல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. ஆட்டோவில், மேல் வரம்பு 6400. எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்) மைனஸ் ஒன்றில் வையுங்கள். இது முக்கியம். ஃப்ரேமில் பெரும்பகுதி கறுப்பு, நடுவில் விளக்கு விழுந்த ஒரு பொம்மை. கேமரா அந்தக் கறுப்பைப் பார்த்து பயந்து எல்லாவற்றையும் வெளுக்க வைக்கும், பொம்மையின் முகம் எரிந்துபோகும். இருட்டை இருட்டாக விட்டால்தான் காட்சி காட்சியாக இருக்கும். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத கோப்பில்) எடுத்தால் பிறகு வண்ணத்தைச் சரிசெய்யலாம், அந்த நீல, சிவப்பு விளக்குகளில் ஆட்டோ வொயிட் பேலன்ஸ் பெரும்பாலும் தடுமாறும். எலெக்ட்ரானிக் ஷட்டரில் வைத்திருந்தால் மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் சில எல்.இ.டி. விளக்குகளில் படம் முழுக்கக் கோடு கோடாக விழும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கருத்து ஒன்று: ரைடின் பொம்மைகளை எடுப்பதைவிட, அவற்றைப் பார்க்கிற உங்கள் குழந்தையை எடுங்கள். பொம்மை நூறு வருடம் அங்கேயே இருக்கும். காட்சியின் வெளிச்சம் குழந்தையின் முகத்தில் பட்டுத் திரும்புகிற அந்த இரண்டு மூன்று நொடிகள், 35 மி.மீ. எஃப் 1.8இல், பக்கத்து இருக்கையிலிருந்து, பயணத்தின் சிறந்த படமாக அமைய வாய்ப்பு அதிகம். முதல் சுற்றில் கேமராவை எடுக்காதீர்கள், சேர்ந்து ரசியுங்கள். இரண்டாவது முறை ஏறும்போது வெளிச்சம் எங்கே விழும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இதே பிரைமோடு குடை ராட்டினத்திலும் ஒரு வேலை செய்யலாம். குழந்தை ஒரு குதிரையில், நீங்கள் பக்கத்துக் குதிரையில். ஷட்டரை நொடியில் 15இல் ஒரு பங்குக்குக் குறையுங்கள், பகலென்றால் அப்பெர்ச்சரை எஃப் 16 வரை மூட வேண்டியிருக்கும். இருவரும் சேர்ந்தே சுழல்வதால் குழந்தை உங்களைப் பொறுத்தவரை அசையவில்லை, முகம் ஓரளவு தெளிவாக நிற்கும். பின்னால் உள்ள உலகம் முழுக்கக் கோடுகளாக ஓடும். குதிரை மேலும் கீழும் போகிற உச்சியில், ஒரு கணம் நிற்கும்போது அழுத்துங்கள். பத்து எடுத்தால் இரண்டு தேறும், அந்த இரண்டும் தரையில் நின்று எடுக்கவே முடியாத படங்கள்.

அகன்ற அப்பெர்ச்சருக்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நால்வரும் சேர்ந்து நிற்கிற படத்தை 50 மி.மீ. எஃப் 1.8இல் மூன்று மீட்டரிலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் கால் மீட்டர்தான். முன்னால் குழந்தைகள், பின்னால் பெரியவர்கள் என்று நின்றால் ஒரு வரிசை மங்கும். குழுப் படம் என்றால் எஃப் 4க்கு மூடுங்கள், அல்லது கிட் லென்ஸுக்கு மாறுங்கள். முக்கியமாக, கேமராவை வேறு யாரிடமாவது கொடுத்து எடுக்கச் சொல்லும்போது பிரைமை எஃப் 1.8இல் வைத்துக் கொடுக்காதீர்கள். கிட் லென்ஸை 24 மி.மீ. வாக்கில், ஆட்டோவில் வைத்து, பட்டனைக் காட்டிக் கொடுங்கள். பூங்காவின் சொந்தப் புகைப்படக்காரர்கள் பல இடங்களில் நிற்பார்கள், கேட்டால் உங்கள் கேமராவிலும் ஒன்று எடுத்துத் தருகிறவர்கள் உண்டு. குடும்பத்தில் எப்போதும் கேமராவுக்குப் பின்னால் இருப்பவர் நீங்கள்தான் என்றால், இந்த உதவியைத் தயங்காமல் கேளுங்கள்.

வாணவேடிக்கைக்கு எந்த லென்ஸ் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். கிட் லென்ஸே போதும். இருட்டு என்பதால் அகன்ற அப்பெர்ச்சர் வேண்டும் என்று தோன்றும், ஆனால் வெடி தானாகவே ஒளிர்கிறது, அதுவும் நகர்ந்துகொண்டே ஒளிர்கிறது. அதனால் கோடுகளின் பிரகாசத்தை அப்பெர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வும்தான் தீர்மானிக்கின்றன. ஷட்டர் திறந்திருக்கும் நேரம், எத்தனை வெடிகள் ஒரே படத்தில் விழும் என்பதை மட்டும் முடிவு செய்கிறது. ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 முதல் 11, இரண்டு முதல் நான்கு நொடி. ஃபோகஸை முன்கூட்டியே கோட்டையின் விளக்கில் பிடித்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: இப்போது பல நிகழ்ச்சிகளில் கோட்டையின் மேல் அசையும் படங்களையும் ஒளியாகப் பாய்ச்சுகிறார்கள். நான்கு நொடி திறந்து வைத்தால் அந்தப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பிவிடும். அந்தப் பகுதிக்குப் பிரைமை மாட்டி, எஃப் 2இல், நொடியில் 60இல் ஒரு பங்கில் கையிலேயே எடுக்கலாம்.

டிரைபாட் பற்றி: பூங்காவுக்குப் பூங்கா விதி மாறும், சில இடங்களில் அறவே கூடாது. டிஸ்னி வேர்ல்டில் சாதாரண முதுகுப்பைக்குள் அடங்காததும், ஆறு அடிக்கு மேல் நீள்வதும் அனுமதி இல்லை. செல்ஃபி ஸ்டிக்கை அவர்கள் 2015லேயே தடை செய்துவிட்டார்கள். நீங்கள் போகும் பூங்காவின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாண் உயர மேஜை டிரைபாட் ஒன்று போதும், தடுப்புச் சுவர் மேல் வைத்தால் வேலை முடிந்தது. அதுவும் இல்லையென்றால் கேமராவைக் கம்பியில் அழுத்திப் பிடித்து, இரண்டு நொடி டைமர் போடுங்கள்.

55-250 எப்போது வெளியே வரும்? விலங்குகள் இருக்கும் பூங்காவில். டிஸ்னியின் அனிமல் கிங்டமில் கிலிமஞ்சாரோ சஃபாரி போல, பக்கம் திறந்த வண்டியில் போகிற ரைடுகள் இருந்தால் அந்த நாளுக்கு அது அவசியம். வண்டி குலுங்கும், அதனால் ஷட்டர் நொடியில் 500இல் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. காலையில் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள், விலங்குகள் பொதுவாக வெயில் ஏறுவதற்கு முன்புதான் அதிகம் நடமாடும். மேடை நிகழ்ச்சியில் கடைசி வரிசை கிடைத்தாலும், ரோலர் கோஸ்டரில் குழந்தை இறங்கி வருவதைத் தரையிலிருந்து எடுக்க வேண்டுமென்றாலும் அதே லென்ஸ்தான். கோஸ்டருக்கு நொடியில் 1000இல் ஒரு பங்கு. வேகம் தெரிய வேண்டுமா, 60இல் ஒரு பங்கில் வண்டியோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுங்கள். மற்ற நாட்களில் அது அறையில் இருக்கட்டும். 70-200 எஃப் 2.8 வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: முழு ஃப்ரேமுக்கான அந்த வகை லென்ஸ்கள் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல். மதியம் மூன்று மணிக்கு, தூங்கிப்போன பிள்ளையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போது அந்த ஒரு கிலோ என்னவென்று தெரியும்.

எடை விஷயத்தில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் இதுதான். காலையில் கழுத்தில் தொங்குகிற கேமரா, கனமாக இருந்தால், மாலையில் பைக்குள் போய்விடும். நல்ல வெளிச்சம் வருகிற நேரத்தில், சூரியன் மறைந்து தெருவிளக்குகள் ஏறி வானம் இன்னும் நீலமாக இருக்கும் அந்த அரை மணி நேரத்தில், அது பைக்குள் இருக்கும். அந்த நேரத்தில் கையில் இருக்கிற லென்ஸ்தான் நல்ல லென்ஸ். கேமராவையும் இரண்டு சின்ன லென்ஸ்களையும் சேர்த்து ஒரு கிலோவுக்குள் முடிக்கப் பாருங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதில் குறுக்காகப் போடும் பட்டை நல்லது.

பல ரோலர் கோஸ்டர்களில் கேமராவோடு ஏற விடமாட்டார்கள், ஏறவும் கூடாது. சில இடங்களில் லாக்கர் இலவசம், சிலவற்றில் கட்டணம், சிலவற்றில் சின்ன லாக்கர்தான் கிடைக்கும். சின்ன லென்ஸ் மாட்டிய கேமரா அதற்குள் எளிதாக அடங்கும். தண்ணீர் ரைடுக்கு இறுக மூடும் பிளாஸ்டிக் பை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் வெதர் சீலிங் (தூசியும் ஈரமும் புகாமல் தடுக்கும் அமைப்பு) இருப்பதாகப் போட்டிருந்தாலும், கேமராவிலும் இருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

அந்தப் பைகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஏ.சி. அறையில் குளிர்ந்த லென்ஸை ஈரமான வெப்பத்துக்குள் கொண்டுவந்தால் கண்ணாடி முழுக்கப் பனி படியும். துடைத்தாலும் மறுபடி படியும், லென்ஸ் வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை விடாது. குளிர்ந்த இடத்திலேயே கேமராவைப் பைக்குள் போட்டு மூடிவிட்டு, வெளியே வந்து இருபது நிமிடம் அப்படியே விடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், லென்ஸ் தப்பிக்கும். அந்தப் பனி படிந்த நேரத்தில் லென்ஸை மட்டும் கழற்றிவிடாதீர்கள், ஈரம் சென்சார் வரை போய்விடும்.

லென்ஸ் மாற்றுவதை ஒரு நாளில் இரண்டு தடவைக்குள் வைத்துக்கொள்ளலாம். பகல் முழுக்கக் கிட் லென்ஸ், ஹூட் (லென்ஸின் முனையில் மாட்டும் மறைப்பு) மாட்டி. ஹூட் வெயிலுக்கு மட்டுமல்ல, கூட்டத்தில் யாராவது இடித்தாலும் முதலில் அடி வாங்குவது அதுதான். மாலை சாப்பாட்டுக்கு உட்காரும்போது, கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பிரைமை மாட்டுங்கள். அப்புறம் இரவு அறைக்குத் திரும்பும்வரை தொட வேண்டாம். வாணவேடிக்கைக்கு அகலக் கோணம் வேண்டுமென்றால் அப்போது ஒருமுறை.

24ஆ, 30ஆ, 35ஆ என்ற குழப்பம் மட்டும் மிச்சம் இருக்கும். அதற்கான விடை உங்கள் பழைய படங்களிலேயே இருக்கிறது. கிட் லென்ஸில் எடுத்த குடும்பப் படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவற்றைத் திறந்து, ஒவ்வொன்றின் விவரத்திலும் எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்று பாருங்கள். பெரும்பாலானவை 20க்கும் 28க்கும் நடுவில் இருந்தால் 24 வாங்குங்கள், அதற்கு மேல் என்றால் 30 அல்லது 35. அதுவும் பிடிபடவில்லை என்றால் ஒரு விடுமுறை நாளில் கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 30இல் வைத்து டேப் ஒட்டி, வீட்டுக்குள்ளேயே பிள்ளைகளைப் படமெடுத்துப் பாருங்கள். சுவர் முதுகில் முட்டுகிறதா, போதும் என்று இருக்கிறதா என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். வாங்குவதைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே முடியுங்கள். இரவில் வீட்டில் ஒரே ஒரு விளக்கைப் போட்டுவிட்டு, ஓடுகிற பிள்ளையின் கண்ணில் ஃபோகஸ் பிடித்துப் பழக அந்த இரண்டு வாரம் வேண்டும்.